வெற்றிலைச் சாட்சி

"மாட்டுக்குப் பில்லு போடத் தெரியாது சார்" என்று கோவிந்தசாமி சொன்னதும், அதே விவசாயக் குழுவிலிருந்து கூட வந்திருந்த ரஞ்சிதமும் தனகோட்டியும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

கையிலிருந்த டேப்லெட்டிலிருந்து தலையைத் தூக்கிப் பிரசாந்தும் சிரித்தான். நல்ல பையன். மயிலம் பக்கத்து ஊர். புதுச்சேரியில் செக்கு எண்ணெய் ஆட்டி வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கம்பெனிக்காக, உப்பு போடாமல் விளைந்த மல்லாட்டையைத் தேடி ஊர் ஊராகப் பைக்கில் அலைகிறவன். செஞ்சிப் பக்கத்தில் மல்லாட்டை என்றால் நிலக்கடலை; உப்பு என்றால் யூரியா, டி.ஏ.பி. எல்லாமும்தான்.

"நம்பாம கேக்கல அண்ணே. சாணி எங்கருந்து வந்துச்சுன்னு ஒரு ஆதாரம் வேணும். வாங்கியிருந்தா ரசீது. சொந்த மாடுன்னா மாட்டோட போட்டோ, எருக்குழியோட போட்டோ. அதுக்குத்தான் மார்க்கு."

"அப்படின்னா மாட்ட இட்டாந்து நிக்க வைக்கிறேன். சிரிக்கச் சொல்லட்டுமா?"

"நைனா, கம்முனு இரு" என்று மகள் கலைச்செல்வி அதட்டினாள். செஞ்சியில் காலேஜுக்குப் போகிறவள். அம்மாவின் விவசாயக் கணக்கையெல்லாம் போனில் ஏற்றுவது அவள் வேலை.

கோவிந்தசாமியின் மனைவி வசந்தா சிரிக்கவில்லை. அவள் கண் பிரசாந்தின் விரல் மேலேயே இருந்தது. அந்த விரல் கண்ணாடியைத் தொடும் ஒவ்வொரு முறையும் பச்சை வருகிறதா, சிவப்பு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது வருஷம் இது. மூன்று வருஷம் உப்பும் மருந்தும் இல்லாமல் நிலம் இருந்தால்தான் இயற்கை விளைச்சல் என்று சர்ட்டிபிகேட் கொடுப்பார்கள். முதல் வருஷம் விளைச்சல் பாதிக்குப் பாதி விழுந்தது. ஊரே சிரித்தது. இரண்டாவது வருஷம் கம்பளிப்புழு வந்தபோது இவளும் மகளும் வேப்பங்கொட்டையை இடித்து இடித்துக் கை கொப்பளித்தார்கள். விடவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. இதெல்லாம் தொடங்குவதற்கு முந்தைய வருஷம்தான் மருந்தடித்துவிட்டு வந்த கோவிந்தசாமி, வாசலிலேயே வாந்தியெடுத்து விழுந்து, முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தார். 'இனிமே அந்தக் கருமம் நம்ப நெலத்துல, நம்ப கொல்லியில காலு வைக்கக் கூடாது' என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து முடிவு செய்தவள் வசந்தா.

கோட்டை மலைக்குப் பின்னாலிருந்து மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. புரட்டாசிக் கடைசி மழை. சடசடவென்று இறங்கியதும் பெண்கள் வேப்ப மரத்தடிக்கு ஓடினார்கள். கோவிந்தசாமி மோட்டார் கொட்டகைக்குள் போய், ஒரு சாக்கின் மூலையை உள்ளே குத்தித் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தார். மழைக்கு அந்தப் பக்கத்து ஊர்களில் எல்லாரும் செய்வதுதான். தலைக்கும் முதுகுக்கும் நல்ல கூரை.

"அண்ணே, அப்படியே செடி பக்கத்துல உக்காருங்க. ஒண்ண புடுங்கிக் காட்டுங்க. இன்னா காய்ப்பு!" என்று பிரசாந்த் படம் எடுத்தான். எடுத்ததைப் பெரிதாக்கிப் பார்த்தவன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"அக்கா, அந்தச் சாக்குல இன்னா எழுதியிருக்குது பாருங்க."

யூரியா என்று பச்சை எழுத்தில் முதுகு முழுக்க இருந்தது.

"அது மழைக்குப் போட்டது சார்" என்றாள் வசந்தா பதறிப்போய். "பக்கத்துக் கொல்லிக்காரரு தூக்கிப் போட்டது. எங்க வூட்டுக்காரரு பொறுக்கியாந்தாரு. மூணு வருஷமா நாங்க ஒரு பிடி கூட…"

"எனக்குத் தெரியும்க்கா. படத்துக்குத் தெரியாதே. பெங்களூருல ஒரு ஆபீசர் ஏசி ரூம்ல உக்காந்துகினு இதப் பாப்பாரு. அவரு கண்ணுக்கு யூரியாவும் மல்லாட்டையும் ஒரே எடத்துல இருக்குது. அவ்ளோதான்."

"இன்னாயா நீ" என்று வசந்தா புருஷன் பக்கம் திரும்பினாள். "ஒனக்குன்னு ஒரு கோணி கெடைக்கலியா? நனைஞ்சா கரைஞ்சா பூடுவ?"

கோவிந்தசாமி சாக்கைச் சுருட்டி அக்குளில் மறைத்துக்கொண்டு நனைந்தார். அந்தப் படத்தை அழித்துவிட்டு வேறு எடுத்தார்கள். பயிர்ச் சுழற்சிக்குப் பச்சை. விதைக்குப் பச்சை. வரப்பு ஓரம் ஆமணக்கு வேலி போட்டதற்குப் பச்சை. சாணிக்கு மட்டும் மஞ்சள்.

"கடைசிக் கேள்வி" என்றான் பிரசாந்த். "நெலம் யார் பேர்ல இருக்குது?"

வசந்தா புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

நிலம் விநாயகத்துடையது. செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் சிமெண்டும் கம்பியும் விற்கிற கடை அவருக்கு. கோவிந்தசாமியின் அப்பா காலத்திலிருந்து இந்தக் குடும்பம்தான் வாரத்துக்குப் பயிர் வைக்கிறது. விளைந்ததில் ஒரு பங்கு அவர்களுக்கு, மீதி இவர்களுக்கு. எழுத்தும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது.

"போன ரெண்டு வருஷமும் இதக் கேக்கலியே சார்?" என்றாள் வசந்தா.

"அப்ப சும்மா பேரு பதிஞ்சது. இப்பத்தான் சர்ட்டிபிகேட்டுக்கு மார்க் போடுறாங்க. குத்தகைப் பத்திரம் வேணும். இல்லன்னா ஓனரு ஒத்துகினதுக்கு எதனா ஒரு ஆதாரம். இது கட்டாயக் கேள்விக்கா. மத்ததுல ஒண்ணு ரெண்டு போனாப் பரவால்ல. இதுல சைபர்னா மொத்தமும் சைபர். மறுபடியும் மொத வருஷத்துலருந்து வரணும்."

ரஞ்சிதம் வாயைத் திறந்தாள். "எங்களுக்கு?"

"உங்களுக்குச் சொந்த நெலம், பட்டா இருக்குது. ஆனா குழுவுக்கும் சேத்து ஒரு மார்க் இருக்குதுக்கா. ஒருத்தரு சைபர் ஆனா எல்லாருக்கும் கொறையும்."

அன்று சாயங்காலம் வசந்தா களி கிளறினாள். கருவாட்டுக் குழம்பு கொதித்தது. கோவிந்தசாமி களியைக் கிள்ளிக் குழம்பில் தோய்த்து விழுங்கிவிட்டுச் சொன்னார்:

"கடுதாசி கிடுதாசி கேட்டுகினு அவரு கடையில போயி நிக்காத. எங்க நைனா ஒரு துண்டு பேப்பர் கேட்டதில்ல. நாம கேட்டா, இன்னாடா இவங்களுக்கு நம்ப மேல நம்பிக்க பூடுச்சான்னு நெனைப்பாரு."

"நான் கேக்கப் போறேன்னு எப்ப சொன்னேன்?"

"பின்ன?"

"எதனா ஒரு ஆதாரம்னுதான சொன்னாரு அந்தத் தம்பி? பத்திரந்தான் வேணும்னு சொல்லலியே." வசந்தா துடுப்பைப் பானையில் தட்டினாள். "வெத்தல குடுக்கப் போவோம் இல்ல?"

அந்த வழக்கம் அவர்களுக்குள் இருந்தது. மல்லாட்டை எடுத்ததும் முதல் மரக்கால் காயை விநாயகம் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். தட்டில் வெற்றிலை பாக்கோடு நீட்டுவார்கள். அவர் ஒரே ஒரு வெற்றிலையை எடுத்துக்கொண்டு மீதியைத் தட்டோடு திருப்பித் தருவார். எடுத்தால் அடுத்த வெள்ளாமையும் இவர்களுக்கே என்று அர்த்தம். யாரும் வாயால் சொல்வதில்லை. விநாயகத்தின் அப்பா எடுத்தார், இப்போது விநாயகம் எடுக்கிறார்.

"அதக் கலை போன்ல போட்டோ புடிச்சா?" என்றாள் வசந்தா. "தேதியும் எடமும் படத்துலயே விழும்னு சொல்றாளே. அவரையும் ஒண்ணும் கேட்ட மாதிரி இருக்காது."

கோவிந்தசாமி கையிலிருந்த களி உருண்டையை அப்படியே வைத்துக்கொண்டு யோசித்தார். "மெய்யாலுமே நீ படிச்சிருந்தா கலெக்டரு ஆயிருப்படி" என்றார்.

மறுமாசம் வெயில் எட்டிப் பார்த்த ஒரு வாரத்தில் காயெடுத்தார்கள். ஈரம் இருக்கும்போதே பிடுங்கிவிட வேண்டும். காய்ந்தால் காய் மண்ணுக்குள் நின்றுவிடும், விட்டால் முளைத்துவிடும். ரஞ்சிதமும் தனகோட்டியும் மாற்றாள் வேலைக்கு வந்தார்கள்; அவர்கள் கொல்லிக்கு இவள் போவாள். குனிந்து கொத்தாகப் பிடித்து இழுக்க, வேர் நிறையக் காய் தொங்கிக்கொண்டு வந்தது. பிடுங்கிப் போட்ட செடிகளைச் சுற்றி உட்கார்ந்து காய் ஆய்ந்தார்கள்.

"இந்த மண்ணப் பாரேன்" என்றாள் தனகோட்டி. "எங்க கொல்லியில கட்டாந்தரையா கெடக்குது. இவளுது மாவு மாதிரி உதுருது."

"மூணு வருஷமா நம்மள விட ரெண்டு பங்கு சாணி அள்ளிக் கொட்டுனா உதிராம?" என்றாள் ரஞ்சிதம்.

"உன் மாமியா கூட இந்த மண்ண இப்படிப் பாக்கல போ வசந்தா."

வசந்தா ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து விரலால் நசுக்கினாள். உள்ளே மண்புழு நெளிந்தது. அதை மெதுவாக வேரடியில் விட்டு மண்ணைத் தள்ளி மூடினாள். அவளுக்கு அன்று நெஞ்சு நிறைந்திருந்தது.

வெற்றிலை கொடுக்க வசந்தாவும் புருஷனும் மகளும் டவுன் பஸ் ஏறிப் போனார்கள். விநாயகத்தின் மனைவி கமலாம்பாள் வாசலிலேயே மரக்காலை வாங்கிக்கொண்டாள். ஒரு காயை உடைத்து வாயில் போட்டாள்.

"இன்னா ருசி! எங்க புள்ள சேரனுக்குக் கொஞ்சம் எடுத்து வைக்கணும். பெங்களூருல இது எங்க கெடைக்குது?"

"மூட்டையா அனுப்பறோம்மா" என்றார் கோவிந்தசாமி.

விநாயகம் கைலியோடு வந்தார். தட்டை நீட்டினார்கள். அவர் கை நீட்டும்போது கலைச்செல்வி போனைத் தூக்கினாள்.

"இன்னா பாப்பா, போட்டோவா?"

"ஞாபகத்துக்கு ஐயா" என்றாள் வசந்தா. நாக்கு லேசாகக் குழறியது. ஆனால் பொய் என்று அவளுக்கே தோன்றவில்லை.

"இரு இரு, புடவைய சரி பண்ணிக்கறேன்" என்று கமலாம்பாளும் வந்து நின்றாள். விநாயகம் வெற்றிலையைக் கையில் பிடித்துச் சிரித்தார். கல்யாணப் போட்டோ மாதிரி அமைந்துவிட்டது.

பிரசாந்துக்குப் படம் போய்ச் சேர்ந்த சாயங்காலமே போன் வந்தது. "சூப்பர்க்கா! ஓனரு, சாகுபடியாளர், மரபான ஒப்பந்த முறை, தேதி, எடம், எல்லாம் இருக்குது. இத விட நல்ல ஆதாரம் யாரும் குடுத்ததில்ல. பச்ச விழுந்துடுச்சு!"

வசந்தா போனை வைத்துவிட்டு அடுப்பில் மல்லாட்டையை அவித்து, தெருவில் எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் கை நிறையக் கொடுத்தாள்.

கார்த்திகை போனது. மார்கழிப் பனியில் ஒரு நாள், பெங்களூரில் படம் பார்க்கிற அந்த ஆபீசர் விநாயகத்துக்குப் போன் செய்தார். சரிபார்க்க வேண்டியது அவர் வேலை. 'உங்கள் குத்தகைதாரர் வசந்தா என்பவர் உங்கள் நிலத்தைச் சாகுபடி செய்வது உண்மைதானா?' என்று கேட்டார். ஆதாரப் படத்தையும் வாட்ஸப்பில் அனுப்பி, 'ஆம் என்று பதில் போடவும்' என்றார். விநாயகம் வெள்ளந்தியாக ஆம் போட்டுவிட்டு, படம் நன்றாக இருக்கிறதே என்று மகனுக்கு அனுப்பி வைத்தார்.

இரண்டு நாள் கழித்து வசந்தா மாட்டுக்குப் புல் அறுக்கக் கொல்லிக்குப் போனபோது, வரப்போரம் டிராக்டர் நின்றது. கல்லுக்கால்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஆமணக்கு வேலியை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். வேப்ப மரத்தடியில் விநாயகம் நின்றிருந்தார்.

"ஐயா, இன்னா ஐயா இது?"

"வேலி போடுறேன் வசந்தா." அவர் அவளைப் பார்க்கவில்லை. டிராக்டரையே பார்த்தார். "நீ எங்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"எத ஐயா?"

"ஞாபகத்துக்குன்னுதான போட்டோ எடுத்த? அது பெங்களூருலருந்து எனக்கே வருது. குத்தகைதாரர்னு போட்டு வருது. சேரன் போன்ல அந்தக் கத்து கத்துறான். 'கையில வெத்தலையப் புடிச்சுகினு சிரிக்கிறியேப்பா, தேதி போட்டிருக்குது, எடம் போட்டிருக்குது, போதாக்கொறைக்கு நீயே ஆமான்னு எழுதியும் குடுத்துட்ட. இத எடுத்துகினு கோர்ட்டுக்குப் போனா நெலம் நம்பளுது இல்ல'ங்கறான்."

"நான் கோர்ட்டுக்குப் போவனா ஐயா? கோர்ட்டு எந்தப் பக்கம் இருக்குதுன்னு எனக்குத் தெரியுமா?"

"நீ போவ மாட்ட. எனக்குத் தெரியும்." விநாயகம் முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார். "உன் பொண்ணு படிச்ச பொண்ணு, அது போவும்னு சொல்றான்."

வசந்தாவுக்குப் புல்லறுக்கும் அரிவாள் கையில் இருப்பது திடீரென்று நினைவு வந்து, அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"மார்க்குக்குக் கேட்டாங்க ஐயா. ஒங்கள ஒரு வார்த்த கஷ்டப்படுத்தக் கூடாதுன்னுதான்… அத அழிச்சிடறேன். இப்பவே அழிக்கச் சொல்றேன்."

"அழிச்சுட்டு வா, பேசுவோம்" என்றார் அவர். அதில் உயிர் இல்லை. அந்தப் பக்கம் முதல் கல்லுக்காலுக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். கடப்பாரை மண்ணில் சத்தமே இல்லாமல் இறங்கியது. அவ்வளவு பொலபொலப்பு.

பிரசாந்த் பைக்கில் வந்தபோது வசந்தா வாசலில் சாணி தட்டிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டவன் டேப்லெட்டைத் திறந்து பார்த்தான்.

"அழிக்க முடியாதுக்கா. ஏத்துனது ஏத்துனதுதான். அழிக்க முடிஞ்சா அது ஆதாரமே இல்லன்னு அவங்க சொல்லுவாங்க."

"சாக்குப் படத்த அழிச்சியே தம்பி?"

"அது போன்ல இருந்துச்சு. இது அங்க போயிடுச்சு."

"அப்போ அதுல இருக்குறது பொய்யின்னு எழுதி அனுப்பு. நாங்க பொய் சொல்லிட்டோம், அது குத்தக இல்ல, சும்மா தட்ட நீட்டுனோம்னு எழுது."

"எழுதுனா உங்கள மட்டும் இல்லக்கா, குழுவையே தூக்கிடுவாங்க. பொய் ஆதாரம்னு வந்துட்டா எல்லாருக்கும் சைபர்." அவன் குரல் இறங்கியது. "அந்தம்மா ரஞ்சிதம், தனகோட்டி, எல்லாரும் மூணு வருஷம் பட்டது…"

"நான் மட்டும் படலியா?" என்றாள் வசந்தா. சாணியைக் கையில் உருட்டி, சுவரில் ஓங்கி அறைந்தாள்.

கோவிந்தசாமி தனியாகச் செஞ்சிக்குப் போய் விநாயகத்தின் கடை முன்னால் நின்றுவிட்டு வந்தார். வந்தவர் வாசற்படியில் உட்கார்ந்தார்.

"இன்னா சொன்னாரு?" என்றாள் வசந்தா.

"மோர் வாங்கிக் குடுத்தாரு."

"அப்பால?"

"வாரந்தான் வாணாமாம். சொந்த சாகுபடின்னு காட்டணுமாம். கூலிக்கு ஆளு வேணும், வெளியாள விட நீயே வாடான்னாரு. அந்தக் கொல்லி உன் கைக்குத்தான் பழக்கம்னாரு."

"நீ இன்னா சொன்ன?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "இன்னா சொல்றது? கலைக்குப் பரீட்சைக்குக் கட்டணும்ல" என்றார்.

உள்ளே கலைச்செல்வி போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்திருந்தாள். அந்தப் படத்தை எடுத்த கை அது. வசந்தா போய்த் தலையைத் தடவினாள். அவள் தலையை இழுத்துக்கொண்டாள்.

தை பிறந்து பொங்கலும் போனது. சர்ட்டிபிகேட் வந்துவிட்டது என்று பிரசாந்த் எல்லாரையும் பள்ளிக்கூடத்து மரத்தடிக்கு வரச் சொன்னான். கெட்டி அட்டையில், பளபளப்பாக, ஒவ்வொருவர் பேரும் சர்வே நம்பரும் போட்டிருந்தது. குழுவிலேயே அதிக மார்க் வசந்தாவுக்கு. எல்லாரும் கை தட்டினார்கள். ரஞ்சிதம் தட்டும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கூட்டம் கலைந்ததும் பிரசாந்த் தயங்கித் தயங்கி வந்தான்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு. ஒவ்வொருத்தரும் சர்ட்டிபிகேட்டைப் புடிச்சுகினு அவங்கவங்க கொல்லியில நிக்கிற மாதிரி ஒரு படம் கேக்குறாங்க. கடைசி ஆதாரம். இந்த வருஷம் மட்டும். நெலம் கைமாறிடுச்சுன்னு இப்பச் சொன்னா மத்தவங்களுக்கும் நின்னு பூடும். அடுத்த வருஷம் உங்க பேர நானே மொறையா எடுத்துடறேன்."

"நடங்க" என்றாள் வசந்தா.

கொல்லி உழுது கிடந்தது. கம்பி வேலிக்குள் நாலு ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். வசந்தா வேலிக்கு வெளியே, வரப்பில் ஏறி நின்றாள். வெட்டிப் போட்ட ஆமணக்குக் கட்டை ஒன்று காலில் இடறியது. அட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

பிரசாந்த் போனைத் தூக்கினான். தூக்கிய கையை இறக்கினான்.

"அக்கா, கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுங்க. பின்னாடி யூரியா மூட்ட தெரியுது."

வசந்தா திரும்பிப் பார்த்தாள். வேப்ப மரத்தடியில் மூட்டைகள் அடுக்கியிருந்தன. கோவிந்தசாமி இடுப்பில் அன்னக்கூடையை அணைத்துக்கொண்டு, அடியுரம் இறைத்துக்கொண்டு வந்தார். கை வீசும்போதெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பறந்து, அந்த மாவு மண்ணில் விழுந்தது. இவர்களைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, வீச்சை விடாமல், மரத்துக்கு அந்தப் பக்கம் நடந்தார்.

வசந்தா பள்ளத்தில் இறங்கித் தள்ளி நின்றாள்.

"இன்னும் கொஞ்சம்க்கா. அண்ணன் தெரியறாரு."

தள்ளினாள்.

"இன்னும். கல்லுக்கால் படத்துல விழுது."

தள்ளித் தள்ளி வண்டிப் பாதைக்கு வந்து, வண்டிப் பாதையைத் தாண்டித் தார் ரோட்டின் ஓரத்துக்கு வந்துவிட்டாள். அனந்தபுரம் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு அவளை ஒட்டிப் போனது. புழுதி அடங்கியது.

"தோ, இப்ப சரி" என்றான் பிரசாந்த். "பின்னாடி ஒண்ணுமே தெரியல. சிரிங்கக்கா."